உடனே அமலுக்கு வரும்

மார்ச் 3, திங்கள்

நாளை எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஆபீஸில் எல்லோரும் கல்யாண வீட்டுப் பந்தி நேரம் மாதிரி ஓடுகிறார்கள். நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் கொட்டாவி விட்டுவிடுவார்கள். எங்கள் கம்பெனி ஒரு கருவி செய்கிறது. ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு புரோகிராமை ஓடவிடும் கருவி. அந்த அறைக்குக் கன்டெய்னர் என்று பெயர். எந்த அறைக்கு எவ்வளவு மெமரி என்று கமாண்ட் அடித்து எல்லை வைக்கலாம். எல்லையைத் தாண்டுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே கொன்றுவிடும். முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது. எந்தக் கமாண்டை எப்படி அடிப்பது, அடித்தால் என்ன ஆகும் என்று எழுதிவைப்பது நான். அதை ஆங்கிலத்தில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். டைரி மட்டும் தமிழில்.

இணையத்தில் இருக்கும் எங்கள் வழிகாட்டிப் பக்கங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் 'ஓட்டிப் பார்த்தவர்' என்று ஒரு வரி இருக்கும். எழுதினவரே கமாண்டை ஒருமுறை அடித்து, எழுதியபடிதான் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் பெயரைப் போட வேண்டும். இந்த வழக்கத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவளே நான்தான். டெவலப்பர்கள் வாயால் சொல்வதை நம்பி எழுதினால் பிழைப்பு சந்தி சிரித்துவிடும் என்று அன்று கத்தினேன்.

சாயங்காலம் மெமரி எல்லைப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. சோதனைக் கம்ப்யூட்டரை டெவலப்பர் சிவநேசனின் கூட்டம் பிடித்துவைத்துக்கொண்டு விடவில்லை. அதற்குள் வீட்டிலிருந்து என் கணவர் ஆல்பர்ட் ஃபோன். "தண்ணி வந்துட்டு. மோட்டார் எடுக்க மாட்டேங்கு. நான் ஒருத்தன் எத்தன குடம் மொள்ளுவேன், சீக்கிரம் வா." எங்கள் தெருவில் தண்ணீரை விட்டால் அடுத்தது எப்போது என்று மாநகராட்சிக்கே தெரியாது. மெமரி பக்கத்தில் எப்படியும் மாற்றம் ஒன்றும் இல்லை. பழைய பதிப்பில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்தேன். 'ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்கும் எல்லையைக் குறைக்கலாம். அடுத்த முறை அதை நிறுத்தித் தொடங்கும்போதுதான் புது எல்லை அமலுக்கு வரும்.' போன முறை ஓட்டிப் பார்த்ததுதானே. பெயரைப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

தொட்டி முக்கால்வாசி நிரம்பியது. இடுப்பு போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

வெளிவந்துவிட்டது. ஆளுக்கொரு மைசூர்பா.

மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகவில்லை. துணி மலையாகக் கிடந்தது. மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றினோம்.

மார்ச் 13, வியாழன்

காலை டீ நேரத்தில் சிவநேசன் உற்சாகமாக இருந்தார். மெமரிப் பகுதியை எழுதிய டெவலப்பர் அவர்தான்.

"அக்கா, மெமரி லிமிட்ட உடனே எடுத்துக்கிற மாதிரி மாத்துனேன்ல, எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க. இனிமே ரீஸ்டார்ட்டே வேணாம்."

"எப்ப மாத்துனீங்க?"

"இந்தப் பதிப்புலதான். மெயில் போட்டேனே அக்கா, பாக்கலியா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றேன்.

மெயில் இருந்தது. படித்ததாகவே காட்டியது. எதையோ தேடும்போது திறந்து மூடியிருப்பேன். இடத்துக்கு வந்து சோதனைக் கம்ப்யூட்டரில் ஒரு கன்டெய்னரை ஓடவிட்டு, அதன் எல்லையைக் குறைத்தேன். என்டர் தட்டின கையை எடுப்பதற்குள் அது செத்துக் கிடந்தது.

பக்கத்தைத் திருத்திவிட்டேன். 'புது எல்லை உடனே அமலுக்கு வரும். ஏற்கெனவே அதற்கு மேல் மெமரி எடுத்திருக்கும் கன்டெய்னர் கொல்லப்படும். வேலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.' தெளிவாக வந்திருக்கிறது. அனுப்பும்போது திருத்தத்தின் வகை கேட்கும். 'பொருள் மாற்றம்' என்றால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பக்கத்தின் தேதியும் மாறும். 'எழுத்துப்பிழை' என்றால் ஒன்றும் கேட்காது. எழுத்துப்பிழை என்று கொடுத்தேன். ஒரு வரிக்காக ஊரைக் கூட்டுவானேன். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மதியம் புளிசாதம். உப்பு தூக்கல்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் வைதேகி ஒரு கதை சொன்னாள். வாடிக்கையாளர் பிரிவுக்கு மேலாளர் அவள். வயதில் என்னைவிடச் சின்னவள், பதவியில் பெரியவள். கோபி பக்கத்தில் ஒரு தனியார் பால் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். ஊர் ஊராகப் பால் சேகரிக்கும் மையங்கள் வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் ஜனங்கள் பால் கொண்டுவந்து ஊற்ற, அங்கேயே கொழுப்பைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும் புரோகிராம் எங்கள் கன்டெய்னரில் ஓடுகிறது.

"நேத்து காலைல, பால் ஊத்துற நேரம் பாத்து, அவங்க அட்மின் அந்தக் கன்டெய்னரோட மெமரியக் குறைச்சிருக்காருங்க. மத்தியானம் வேற ஏதோ புரோகிராம் போடணுமாம், அதுக்கு எடம் வேணுமாம். போட்ட உடனே செத்துருச்சு. திரும்பத் திரும்ப எழுந்து திரும்பத் திரும்பச் செத்துருக்கு. எல்லா மையத்துலயும் சீட்டு வரல. கேனெல்லாம் வெயில்ல நின்னு, பாதிப் பாலு திரிஞ்சு போச்சுங்களாம்."

"அப்புறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கேளுங்க. அவரு என்ன சொல்லியிருக்காரு, உங்க டாகுமென்ட்ல ரீஸ்டார்ட் பண்ணாத்தான் அமலுக்கு வரும்னு போட்டிருந்துச்சு, அத நம்பித்தான் போட்டேன்னு. அவங்க ஜி.எம். சாயங்காலம் நம்ம பக்கத்தத் திறந்து, எல்லார் முன்னாடியும் அவரையே சத்தமாப் படிக்கச் சொல்லியிருக்காரு. உடனே அமலுக்கு வரும், வேலை நேரத்துல செய்யாதீங்கன்னு பளிச்சுன்னு இருக்கு. பாவம், மனுசன் முழிச்சிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். வைதேகி என் பக்கம் திரும்பி, "ஜெசிந்தாக்கா எழுதுனதுனாலதான் தப்பிச்சோம். இல்லைன்னா இந்நேரம் கான்ட்ராக்ட் போயிருக்கும்" என்றாள். கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். என்ன முகம் வைத்துக்கொண்டு சிரித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

தண்ணீர் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

நேற்று முழுக்க யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது அல்ல. பால் ஊற்றும் நேரத்தில் ஓடுகிற கன்டெய்னரில் யாராவது கை வைப்பார்களா? தனியாக ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டல்லவா செய்ய வேண்டும்? ஓட்டிப் பார்க்காமல்

இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கங்களின் கீழே வாசகர்கள் கேள்வி எழுதுவதற்குப் பெட்டி உண்டு. பதில் போடுவது என் வேலை. வழக்கமாக அன்றைக்கன்றைக்கே போட்டுவிடுவேன், அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்று மெமரி பக்கத்தின் கீழே ஒன்று வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ்:

'வணக்கங்க. இந்தப் பக்கம் போன வாரம் வேற மாதிரி இருந்துச்சுங்களா? ரீஸ்டார்ட் பண்ணாத்தான் மாறும்னு படிச்ச ஞாபகம். தயவுசெஞ்சு சொல்லுங்க, ரொம்ப அவசரம். பூபதி.'

அந்தப் பால் கம்பெனி அட்மின்தான், வேறு யார். நல்ல மரியாதையான ஆள். நாளை பதில் போட வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

போடவில்லை. சிலிண்டர் வந்தது.

மார்ச் 19, புதன்

வைதேகியின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, "அந்தப் பால் கம்பெனி விஷயம்... அந்தப் பக்கத்துல முன்னாடி பழைய பதிப்போட வரி கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்" என்று ஆரம்பித்தேன். 'இருந்திருக்கலாம்' என்று ஏன் சொன்னேன்? இருந்தது. நான்தான் வைத்தேன்.

அவள் புத்திசாலி. இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவிடவில்லை.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலை. நான் ஒண்ணும் கேக்கலை. சரிங்களா?"

"அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?"

"நிறுத்திட்டாங்களாம். மெமரியக் குறைச்சதுக்குக்கூட இல்லைங்க. அது யாருக்கும் கை தவறும்னு ஜி.எம்மே சொன்னாரு. டாகுமென்ட் மேல பழியப் போட்டுப் பொய் சொன்னாருல்ல, அதுக்குத்தான். நம்பிக்கை போச்சுன்னுட்டாங்க."

வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது உண்மை. நான் சொல்ல முயன்றேன், அவள் தடுத்துவிட்டாள், இனி என் கையில் இல்லை. அப்படி இறங்கியதை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது, நானும் நின்றேன். கணவனிடம் எரிந்து விழுந்தது, பூசைக்குப் பிந்தி வந்தது எல்லாம் ஒப்பித்தேன். கடைசியில், "ஒரு பொய் சொல்லிட்டேன் ஃபாதர். வேலை சம்பந்தமா" என்றேன்.

"அதனால யாருக்கும் பாதிப்பு உண்டா?"

"இல்ல ஃபாதர்."

பரிகாரமாகப் பத்து 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாவத்தைச் சொல்ல மண்டியிட்ட இடத்திலேயே இன்னொன்றைச் செய்துவிட்டு எழுந்து வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகவில்லை; பாவத்தை மறைத்தவள் அதை வாங்கக் கூடாது. ஏன் என்று ஆல்பர்ட் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். வீட்டுக்கு வந்து மீன் குழம்பை அவர் முன்னால் ஒரு பிடி பிடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, திங்கள்

கேள்விப் பெட்டியில் பூபதி மறுபடி எழுதியிருக்கிறார்.

'வணக்கங்க. போன வாரம் நான் கேட்ட கேள்விய அழிச்சிருங்க. நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன். பக்கம் முதல்ல இருந்தே சரியாத்தான் இருந்திருக்கு. உங்கள சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. பூபதி.'

படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால்கூட நானும் சட்டம் பேசியிருப்பேன். தன் கண்ணால் படித்ததைத் தானே நம்பாமல், அதற்காக என்னிடமே மன்னிப்பும் கேட்கிறார் அந்த மனிதர்.

வீட்டில் ஆல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப சொன்னா ஒன் வேலை நிக்குமா?"

"தெரியல."

"பிள்ளைக்குக் காலேஜ் சேக்கணும், ஞாபகம் இருக்குல்லா? அந்தப் பையன் படிச்சவன். அவனுக்கு வேற வேலை கெடைக்காமலா போவுது? சும்மா கெட."

இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதான், வார்த்தைக்கு வார்த்தை. அவர் வாயிலிருந்து வந்தபோது அது அவ்வளவு அசிங்கமாகக் கேட்டது. அவர் மேல் கோபம் வரவில்லை. பாவம், அவர் என் பாட்டைத்தான் பாடினார்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் போனதும் முதல் வேலையாக மெமரி பக்கத்தைத் திறந்தேன். மேலேயே, கட்டம் கட்டி எழுதினேன்:

'மார்ச் 4 முதல் 13 வரை இந்தப் பக்கம் தவறாக இருந்தது. ஓடும் கன்டெய்னருக்கு வைக்கும் புது எல்லை, நிறுத்தித் தொடங்கினால்தான் அமலுக்கு வரும் என்று இங்கே எழுதியிருந்தது. அதை நம்பிச் செயல்பட்டவர்கள் மேல் தவறு இல்லை. இந்தப் பக்கத்தை ஓட்டிப் பார்த்ததாகப் பெயர் போட்டிருந்த நான், ஓட்டிப் பார்க்கவில்லை. பிறகு அதைத் திருத்தியதையும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. ஜெசிந்தா ஆல்பர்ட்.'

திருத்தத்தின் வகை: பொருள் மாற்றம். ஒப்புதலுக்கு சிவநேசனிடம் அனுப்பினேன். எழுந்து என் இடத்துக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இது வேணுமா?"

"ஒப்புதல் குடுங்க சிவநேசன்."

பிறகு போய்க் கொடுத்தார். பால் கம்பெனி ஜி.எம்முக்கு அதையே மெயிலாக அனுப்பினேன், வைதேகிக்கும் ஒரு பிரதி வைத்து.

மார்ச் 26, புதன்

வைதேகி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"உங்க மனசாட்சிக்கு எங்க கான்ட்ராக்ட் போகணுமாக்கா? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"ஆமா, விட்டிருக்க மாட்டேன்."

மேலே பேசுகிறார்களாம். முடிவு வரும்வரை எந்தப் பக்கத்திலும் கை வைக்கக் கூடாதாம். நாள் முழுக்க வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மனசாட்சி என்று பெரிய வார்த்தை சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதல் கேள்வி வந்த அன்றே பதில் போட்டிருந்தால் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

மார்ச் 27, வியாழன்

ஜி.எம்மின் பதில் வந்தது. 'தகவலுக்கு நன்றி. அந்த இடத்துக்கு வேறொருவர் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.' வேறு ஒன்றும் இல்லை.

அவ்வளவுதானா? நான் என்ன நினைத்திருந்தேன்? மெயில் போனதும் அவர்கள் வண்டி அனுப்பி அவரை அழைத்து வருவார்கள் என்றா? ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பால் கம்பெனியின் பழைய புகார் ஒன்றில் பூபதியின் ஃபோன் நம்பர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போய் அடித்தேன். எடுத்ததும் பின்னால் ஒரே இரைச்சல்.

"சத்தமாப் பேசுங்க, மஞ்சள் வேக வெச்சுட்டு இருக்கோமுங்க. யாருங்க?"

பெயரைச் சொன்னேன். மெமரி பக்கத்தை எழுதியவள் என்றேன். உடனே அவர் முந்திக்கொண்டார்.

"அய்யோ மேடம், அந்தக் கேள்விய அழிக்கச் சொல்லிட்டனுங்களே. தப்பு என்னுதுதானுங்க."

"உங்க தப்பு இல்ல பூபதி. நீங்க படிச்சது சரி. அந்த வரி அங்க இருந்துச்சு. நான்தான் சரிபாக்காம எழுதினேன். நீங்க கமாண்ட் போட்ட அன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரிஞ்சு, சத்தமில்லாம மாத்திட்டேன். உங்க ஜி.எம். சாயங்காலம் திறந்து பாத்தது நான் மாத்தின பிறகு."

பின்னால் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது, எங்கோ தள்ளி நடந்து போகிறார் என்று புரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது.

"அப்ப இருந்துச்சுங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"இருந்துச்சு."

"அதான், மெமரிய மாத்துனது மேல எனக்குச் சந்தேகமே வரலைங்க. கன்டெய்னர் சாகச் சாக, வேற எங்கெங்கயோ தேடிட்டு இருந்தேன். ரீஸ்டார்ட் பண்ணாமத்தான் இது மாறாதேன்னு..." நிறுத்தினார். "நான் கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தனுங்க மேடம். அவரு ஒண்ணுமில்லைன்னாரு. அப்பறம் புத்தி கெட்டுப் போச்சோன்னு இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். ஜி.எம்முக்கு எழுதியதையும், அவர் போட்ட பதிலையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை.

"மேடம், ஒரு உதவிங்க. இப்ப சொன்னத அப்படியே எங்க வீட்டுல ஒருக்காச் சொல்றீங்களா? ஃபோன வெச்சுறாதீங்க. கோகிலா! ஏ கோகிலா, இங்க வா!"

அந்தப் பெண் வந்து, "யாருங்க?" என்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன். அந்த வரி இருந்தது, எழுதியது நான், மாற்றியது நான், உங்கள் வீட்டுக்காரர் சொன்னது முழுக்க உண்மை. எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் "ம்" வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு சத்தியம் பண்ணுனாருங்க. குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. நாந்தான் நம்பலைங்க. அந்த ஜி.எம். எல்லார் முன்னாடியும் படிக்க வெச்சதக் கேட்டுட்டு வந்து, பொய் சொல்றவங்கூட இருக்க மாட்டேன்னு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டனுங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாத்தான் வருவேன்னேன். அதுக்கப்பறந்தான் உங்களுக்கு அப்படி எழுதுனாரு. எழுதினதக் கொண்டாந்து காமிச்சாரு, வந்தேன்."

அவள் அழுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"இப்ப நான் அவரு மூஞ்சியப் பாத்து என்னங்க சொல்றது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.